தேனீ, குளவி, பூச்சிக்கடி: வீட்டு வைத்தியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் ரப்பர் மரம் தளிர்க்கும் மாதங்களில் தேனீப் பெட்டிகள் தோட்டம் தோட்டமாக இடம் மாறும். பெட்டி வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்களிடம் அப்போது தேன் விலையைவிட அதிகம் விசாரிக்கப்படுவது, "கொட்டிவிட்டால் என்ன தடவ வேண்டும்?" என்பதுதான். என்ன தடவினாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்று சொன்னால் யாருக்கும் திருப்தி வருவதில்லை. முதல் அரை நிமிடத்தில் கொடுக்கை எடுத்தீர்களா, அடுத்த அரை மணி நேரம் ஆளைக் கவனித்தீர்களா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மற்றதெல்லாம் வலிக்கும் அரிப்புக்கும் ஆறுதல். அந்த ஆறுதலும் வேண்டியதுதான் என்பதால் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தேனீ கொட்டிய உடனே முதலில் என்ன செய்ய வேண்டும்?

அந்த இடத்தைவிட்டு நகர வேண்டும். நகர்ந்துகொண்டே கொடுக்கை எடுக்க வேண்டும். கொட்டிய தேனீ தன் கொடுக்கோடு ஒரு வாசனையையும் அங்கே விட்டுப் போகிறது. பழுத்த வாழைப்பழத்தின் மணம் அது. கூட்டிலிருக்கும் மற்ற தேனீக்களுக்கு அந்த மணம் ஓர் அபாய அறிவிப்பு. வந்து அதே இடத்தில் கொட்டும். ஆகவே நின்ற இடத்திலேயே நின்று கையை உதறிக்கொண்டிருப்பது இன்னும் நாலு கொட்டு வாங்குவதற்கான வழி.

கொட்டிய இடத்தை உற்றுப் பார்த்தால், கறுத்த சிறு முள் ஒன்று தோலில் குத்தி நிற்பதும் அதன் மேல்முனையில் கடுகளவுகூட இல்லாத வெளிறிய பை ஒன்று ஒட்டியிருப்பதும் தெரியும். தேனீயின் உடலிலிருந்து பிய்ந்து வந்த நஞ்சுப்பை அது. கொடுக்கில் தூண்டில் முள்போல் பின்னோக்கிய பற்கள் இருப்பதால், தேனீ பறக்க முயலும்போது கொடுக்கு வருவதில்லை. வயிற்றின் நுனிதான் பிய்ந்து வருகிறது. தேனீ செத்த பிறகும் அந்தப் பை துடித்துத் துடித்து நஞ்சை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். பெரும்பகுதி முதல் 20 விநாடிக்குள் இறங்கிவிடுகிறது.

கொடுக்கைக் கிள்ளி எடுத்தால் நஞ்சு உள்ளே பிதுங்கிவிடும், ஏ.டி.எம். அட்டையால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும் என்கிறார்களே?

நெடுங்காலமாக மருத்துவப் புத்தகங்களிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. 1996-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு அதை உடைத்தது. ஆய்வாளர்கள் தங்கள் கையிலேயே தேனீக்களைக் கொட்டவைத்து, சிலவற்றைக் கிள்ளியும் சிலவற்றைச் சுரண்டியும் எடுத்துத் தடிப்பை அளந்தார்கள். எப்படி எடுத்தாலும் தடிப்பில் வித்தியாசமில்லை. தாமதித்த ஒவ்வொரு விநாடிக்கும்தான் தடிப்பு பெரிதாகியது. பர்ஸைத் திறந்து அட்டையைத் தேடும் நேரத்தில் பை காலியாகிவிடும். நகம், விரல், வேட்டி நுனி, எது முதலில் கிடைக்கிறதோ அதனால் எடுத்து எறியுங்கள்.

குளவி கொட்டினாலும் கொடுக்கு உள்ளே இருக்குமா?

இருக்காது. குளவியின் கொடுக்கு வழவழப்பானது; உருவிக்கொண்டு மறுபடியும் கொட்டும். ஊருக்கு ஊர் கதண்டு, கடந்தை, விஷவண்டு என்று சொல்லப்படும் பெரிய குளவியும் இப்படித்தான். இல்லாத கொடுக்கைத் தேடிக் கிள்ளிக் கிள்ளிப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம்.

ஒரு சிறு குறிப்பு. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து "குளவி கொட்டித் தொழிலாளர்கள் மருத்துவமனையில்" என்று அடிக்கடி செய்தி வருகிறதல்லவா, அங்கே கொட்டுவது பெரும்பாலும் பெருமரங்களில் கூடு கட்டும் மலைத்தேனீ. அந்தக் கொட்டில் கொடுக்கு தோலிலேயே இருக்கும், எடுத்தாக வேண்டும்.

கொடுக்கை எடுத்தாயிற்று. பிறகு?

சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கையில் கொட்டியிருந்தால் மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தை அப்போதே கழற்றிவிடுங்கள். வீங்கிய பிறகு மோதிரத்தை அறுக்கத்தான் வேண்டியிருக்கும். ஒரு துணியில் ஐஸ்கட்டியைச் சுற்றி 10 நிமிடம் வைத்து, சற்று இடைவெளி விட்டு மறுபடி வையுங்கள். ஐஸை நேரடியாகத் தோலில் அழுத்தக் கூடாது. ஃபிரிட்ஜ் இல்லாத இடத்தில் பானைத் தண்ணீரில் நனைத்த துணி போதும். கை, கால் என்றால் உயர்த்தி வைப்பது வீக்கத்தைக் குறைக்கும்.

வலிக்குப் பாராசிட்டமால். அரிப்புக்கும் தடிப்புக்கும் பெரியவர்கள் செடிரிசின் 10 மில்லிகிராம் ஒன்று எடுத்துக்கொள்ளலாம். சிலருக்குத் தூக்கம் வரும் என்பதால் அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்ட வேண்டாம். மேலே தடவ காலமைன் லோஷன் நல்லது.

இதுவரை நான் சொன்னதில் நிரூபணம் வலுவாக இருப்பது இரண்டுக்குத்தான்: சீக்கிரம் கொடுக்கை எடுப்பது, குளிர்ச்சி. நம் வீடுகளில் இரண்டுக்கும் மரியாதை குறைவு. சுண்ணாம்பு டப்பாவைத் தேடி ஆள் ஓடும், கொடுக்கு கையிலேயே நிற்கும்.

சுண்ணாம்பு தடவலாமா?

ஒவ்வொரு வீட்டிலும் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். வெற்றிலைச் சுண்ணாம்பு கடுமையான காரம். பாக்கு மெல்லுபவர் உதடு வெந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். கெட்டியான தோலில் மெல்லிய பூச்சாகத் தடவினால் லேசான எரிச்சலும் காய்ந்து இறுகும் உணர்வும் வரும்; அந்த எரிச்சலில் உள்வலி கொஞ்சம் மறக்கும். அதற்கு மேல் அது நஞ்சை எதுவும் செய்வதில்லை. நஞ்சு தோலுக்கு அடியில் இறங்கிவிட்டது, சுண்ணாம்பு மேலேயே நிற்கிறது.

தடவுவதென்றால் பெரியவர்கள், கை காலில், கொஞ்சமாக. குழந்தைகளுக்கு வேண்டாம். முகத்தில், அதுவும் கண்ணுக்கு அருகில், வேண்டவே வேண்டாம். சுண்ணாம்பு பட்டுக் கருவிழி வெந்து பார்வை போன குழந்தைகளைக் கண் மருத்துவர்கள் இந்தியா முழுக்கப் பார்க்கிறார்கள். விளையாட்டாகப் பாக்கெட்டை அழுத்தும்போது பீய்ச்சி அடிப்பதுதான் பெரும்பாலும் காரணம். கண்ணில் பட்டுவிட்டால் தொடர்ந்து அரை மணி நேரம் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, நேரே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தேள்கடிக்கு நவச்சாரத்தையும் சுண்ணாம்பையும் சேர்த்துக் குழைத்துத் தடவும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தவுடன் மூக்கைத் துளைக்கும் நெடி கிளம்புகிறதே, அது அம்மோனியா வாயு. மருந்து வேலை செய்கிறது என்ற நம்பிக்கை அந்த நெடியில் பிறந்ததுதான்.

தேனீ நஞ்சு அமிலம், அதற்கு ஆப்ப சோடா. குளவி நஞ்சு காரம், அதற்கு வினிகர். பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்தார்களே?

அறிவியல் பாடத்துக்கு அழகான உதாரணம், மருத்துவத்துக்கு உதவாது. தேனீ நஞ்சின் உலர் எடையில் ஏறக்குறையப் பாதி மெலிட்டின் என்ற சிறு புரதம். அதுதான் செல்களின் சவ்வைத் துளைத்து அந்தச் சுள்ளென்ற வலியைத் தருகிறது. கூடவே சில என்சைம்களும் ஹிஸ்டமினும் இருக்கின்றன. அமிலத்தன்மையைச் சமன்செய்துவிட்டால் மெலிட்டின் சாதுவாகிவிடாது. மேலும், சோடாவோ வினிகரோ தோலுக்குள் இறங்கி நஞ்சைச் சந்திக்கப்போவதும் இல்லை. சோடாவைக் குழைத்துப் போட்டால் குளிர்ச்சியாக இருக்கிறதென்றால் போட்டுக்கொள்ளுங்கள், கெடுதல் இல்லை.

வெங்காயம், மஞ்சள், துளசி, கற்றாழை, குப்பைமேனி இவற்றில் எது நல்லது?

குளிர்ச்சி தருவது எதுவோ அது. சோற்றுக் கற்றாழையின் உள்சதையைக் கழுவி வைத்தால் இதமாக இருக்கும். கழுவ வேண்டும் என்பது முக்கியம், ஏனென்றால் தோலை ஒட்டிய மஞ்சள் பால் சிலருக்கு அரிக்கும். வெங்காயத்தை வெட்டித் தேய்ப்பதைப் பலரும் சத்தியம் செய்து சொல்கிறார்கள். சாதாரண தேனீக் கொட்டின் கடும் வலி எதுவுமே தடவாவிட்டாலும் ஓரிரு மணி நேரத்தில் இறங்கிவிடும் என்பதால், எதைத் தடவினாலும் பெயர் அதற்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

குப்பைமேனி இலையை உப்போ சுண்ணாம்போ சேர்த்துக் கசக்கிப் பூசுவது பழைய கைவைத்தியம். சொறி சிரங்குக்கும் பூச்சிக்கடிக்கும் சித்த மருத்துவத்தில் இந்த மூலிகைக்கு இடமுண்டு. ஆனால் தெருவோரம் பறித்த இலையை எச்சில் தொட்டுக் கசக்கி, தோல் கிழிந்த இடத்தில் வைக்காதீர்கள். மஞ்சள் தடவுவதில் ஒரே ஒரு தொல்லை: அடியில் தோல் சிவக்கிறதா, தடிப்பு பரவுகிறதா என்று பார்க்க முடியாது.

இரும்பைத் தேய்த்தால் விஷம் முறியும் என்று பாட்டி சொல்வார்களே?

சாவி, அரிவாள்மனை, ஆணி எது கிடைக்கிறதோ அதைத் தேய்ப்பது. உலோகத்தின் சில்லிப்பு ஒரு நிமிடம் இதமாக இருக்கும். ஆனால் கொடுக்கு உள்ளே இருக்கும்போது தேய்த்தால் அது முறிந்து இன்னும் ஆழமாகப் போகும். துருப்பிடித்த ஆணியால் கீறல் விழுந்தால் அது வேறு தலைவலி. பாட்டியின் மனம் கோணாமல் இருக்க, கொடுக்கை எடுத்துவிட்டு எவர்சில்வர் கரண்டியை ஃபிரிட்ஜில் வைத்துப் பயன்படுத்துங்கள்.

எவற்றை ஒருபோதும் செய்யக் கூடாது?

சாணமும் மண்ணும் வைக்கக் கூடாது. டெட்டனஸ் கிருமியின் வித்துகள் குடியிருப்பது அங்கேதான். மண்ணெண்ணெய், பெட்ரோல் தோலை வேகவைக்கும். மென்ற புகையிலையை வைப்பதில் எச்சிலின் கிருமியும் நிக்கோடினும் சேர்ந்து உள்ளே போகும். சிறு குழந்தைக்கு நிக்கோடின் நஞ்சு. பிளேடால் கீறி ரத்தம் எடுப்பது, வாயால் உறிஞ்சுவது, மேலே கயிறு கட்டுவது எல்லாம் சினிமாவோடு நிற்கட்டும்.

ஆஸ்பிரின் மாத்திரையைத் தண்ணீரில் குழைத்துப் பூசும் யோசனை ஒன்றும் சுற்றுகிறது. 2003-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. வலியும் வீக்கமும் குறையவில்லை. சிவப்புதான் கூடுதல் நேரம் நின்றது.

நேற்று விரலில் கொட்டியது. இன்று முழங்கை வரை வீங்கிவிட்டது. கிருமி தொற்றிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. சிலருக்கு உடம்பின் எதிர்வினை இப்படிப் பெரிதாக இருக்கும். 10 சென்டிமீட்டரைத் தாண்டிப் பரவும், இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போகும், வற்றுவதற்கு ஒரு வாரம் அல்லது பத்து நாள் ஆகும். பார்க்கப் பயமாக இருந்தாலும் வீக்கம் கொட்டிய பகுதியோடு நிற்கும்வரை உயிருக்கு ஆபத்தில்லை. ஐஸ், உயர்த்தி வைத்தல், செடிரிசின் போதும். தாங்க முடியாவிட்டால் மருத்துவர் சில நாளுக்கு ஸ்டீராய்டு மாத்திரை தருவார். கடையில் தானாகக் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் இதற்குப் பயன்படாது.

கிருமித் தொற்று என்றால் அது வேறு மாதிரி வரும். முதலிரண்டு நாளில் வற்றத் தொடங்கிய வீக்கம் மூன்றாம் நாளுக்குப் பிறகு திரும்பச் சிவந்து, சூடாகி, சீழ் கோத்து, காய்ச்சலும் வரும். சொறிந்து சொறிந்து புண்ணாக்கியவர்களுக்குத்தான் இது அதிகம்.

எந்த அறிகுறி வந்தால் வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு ஓட வேண்டும்?

கொட்டிய இடத்துக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் ஏதாவது நடந்தால். கையில் கொட்டியிருக்க, வயிற்றிலும் முதுகிலும் தடிப்புக் கிளம்புகிறதா? உதடு, நாக்கு, கண்ணிமை வீங்குகிறதா? குரல் கம்முகிறதா, தொண்டை அடைக்கிறதா, மூச்சு இழுக்கிறதா? திடீர் வாந்தி, வயிற்றைப் பிசையும் வலி, தலைசுற்றல், கண் இருட்டுதல், வியர்த்துக் கொட்டுதல்? இது ஒவ்வாமை அதிர்ச்சி. அனாஃபிலாக்சிஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து அரை மணி நேரத்துக்குள் தொடங்கும். இறப்புகளில் பெரும்பாலானவை முதல் ஒரு மணி நேரத்துக்குள் நடப்பவை.

தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 எண்ணுக்கு உடனே அழையுங்கள். ஆளைப் படுக்கவைத்துக் காலைத் தலையணை மேல் தூக்கி வையுங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரட்டும். கர்ப்பிணி என்றால் இடப்பக்கமாகப் படுக்கட்டும். "கொஞ்சம் நடந்தால் சரியாகிவிடும்" என்று எழுப்பி நிறுத்துவதும் பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோவதும் ஆபத்து. ரத்த அழுத்தம் விழுந்திருக்கும் நிலையில் நிமிர்ந்தவுடன் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து, ஆள் அப்படியே சாய்ந்துவிடக்கூடும்.

அவில், செடிரிசின் மாத்திரை கொடுத்தால் போதாதா?

போதாது. தடிப்பும் அரிப்பும் அடங்கும், அடைக்கும் தொண்டையும் விழும் ரத்த அழுத்தமும் அடங்காது. இந்த நிலையில் உயிர் காக்கும் மருந்து ஒன்றே ஒன்று: தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. அவசர மருந்து என்பதால் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அது இருக்க வேண்டியது. ஆகவே பெரிய ஆஸ்பத்திரியைத் தேடிப் பக்கத்து நகரத்துக்குப் போகாமல், மிக அருகில் உள்ள இடத்துக்கு முதலில் போங்கள். ஊசி போட்டுச் சரியான பிறகும் சில மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்வார்கள். இரண்டாவது அலை வருவதுண்டு. "சரியாகிவிட்டதே" என்று எழுந்து வந்துவிடக் கூடாது.

எனக்குப் பலமுறை கொட்டியிருக்கிறது, ஒன்றும் ஆனதில்லை. அப்படியென்றால் ஒவ்வாமை இல்லை என்றுதானே அர்த்தம்?

இதுவரை இல்லை என்று மட்டும் அர்த்தம். ஒவ்வாமை பிறவியிலேயே வருவதில்லை. முந்தைய கொட்டுகளால் உடம்பு பழகி, ஒருநாள் திரும்பிக்கொள்கிறது. தேனீ வளர்ப்பவர்களின் வீட்டாருக்குக்கூட இப்படி வருகிறது. ஒருமுறை உடம்பு முழுக்கத் தடித்தவர், மூச்சுத் திணறியவர், அடுத்த கொட்டுக்குக் காத்திருக்காமல் ஒவ்வாமை நிபுணரைப் பார்க்க வேண்டும். நஞ்சையே மிகச் சிறு அளவில் தொடங்கி ஊசியாகப் போட்டு உடம்பைப் பழக்கும் சிகிச்சை இருக்கிறது.

கூட்டமாக வந்து கொட்டினால்?

சவ ஊர்வலத்தில் விட்ட ராக்கெட் கூட்டில் பட்டது, கோவில் விழாவில் வேட்டுப் புகை கோபுரத்துக் கூட்டுக்குப் போனது என்று வருடந்தோறும் செய்தி படிக்கிறோம். மலைத்தேனீ கலைந்தால் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, மூக்கும் கண்ணும் மறையும்படி, அறைக்குள்ளோ காருக்குள்ளோ ஓட வேண்டும். கையை வீசி அடிக்கக் கூடாது. நசுங்கிய தேனீயிலிருந்தும் அந்த வாசனை வரும். கிணற்றிலோ குளத்திலோ குதிக்கக் கூடாது. தேனீக்கள் மேலே வட்டமிட்டுக் காத்திருக்கும், நீங்கள் மூச்சு விட மேலே வந்துதானே ஆக வேண்டும்?

பத்துப் பதினைந்து கொட்டுக்கு மேல் வாங்கியவர் நன்றாகவே இருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழந்தை, முதியவர், கதண்டு கொட்டியவர் என்றால் அதைவிடக் குறைவாக இருந்தாலும். இங்கே ஒவ்வாமை இல்லாதவருக்கும் நஞ்சின் மொத்த அளவே ஆபத்து. தசைகளும் ரத்தச் சிவப்பணுக்களும் சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் கட்டன் காப்பி நிறத்தில் போவது, அளவு குறைவது இரண்டும் ஒரு நாள் கழித்துக்கூடத் தெரியவரலாம். கொடுக்குகளை எடுக்கும்போது தலைமுடிக்குள்ளும் காது மடலுக்குப் பின்னாலும் தேடுங்கள்.

வாய்க்குள் கொட்டிவிட்டது. கண்ணில் கொட்டிவிட்டது.

இளநீரிலோ குளிர்பானத்திலோ விழுந்த தேனீயைக் கவனிக்காமல் குடிப்பவர்களுக்கு முதலாவது நேர்கிறது. ஐஸ்கட்டியைச் சப்பிக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள். ஒவ்வாமை இல்லாதவருக்கும் வீக்கமே மூச்சுக்குழாயை அடைக்கும். கருவிழியில் கொட்டினால் வீட்டில் எதையும் எடுக்க முயலாமல் கண் மருத்துவரிடம். இரண்டிலும் கைவைத்தியத்துக்கு வேலையில்லை.

முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சி மேலே ஊர்ந்துவிட்டது. என்ன செய்வது?

மழைக்காலத்தில் முருங்கையின் அடிமரத்தில் அப்பிக் கிடக்கும் அந்தக் கூட்டத்தைப் பார்த்தாலே பலருக்கு உடம்பு அரிக்கும். கடிப்பதில்லை, அதன் ரோமம் தோலில் குத்தி நிற்கிறது. எல்லோரும் முதலில் செய்வது தேய்ப்பது. அதைத்தான் செய்யக் கூடாது. தேய்த்தால் ரோமம் உடைந்து பரவும்.

செல்லோடேப்பை எடுத்து ஒட்டி, மெதுவாக அழுத்தி, உரித்து எடுங்கள். புதிய துண்டு எடுத்து மறுபடி. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் டேப்பில் பழுப்பு ரோமங்கள் ஒட்டியிருப்பது தெரியும். ரோமம் வருவது நின்ற பிறகு சோப்பும் ஓடும் தண்ணீரும், பிறகு காலமைன். அப்போது போட்டிருந்த சட்டையைத் தனியாகத் துவையுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் எல்லோரும் சொறிவார்கள். வெற்றிலை, தேங்காயெண்ணெய் எல்லாம் ரோமம் போன பிறகு தடவினால் தொல்லையில்லை.

தேளும் பூரானும்?

பூரான் கடி கடுமையாக வலிக்கும், ஆனால் நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவருக்கு ஆபத்து அரிது. கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் வைத்து 15 நிமிடம் அமிழ்த்தி வைத்தால் வலி நன்றாகவே குறைகிறது. கடிபட்ட கை மரத்திருக்கும் என்பதால் சூட்டை மற்ற கையால் தொட்டுப் பாருங்கள். மரவட்டை கடிப்பதே இல்லை. அதன் சாறு பட்டால் தோல் கறுத்துச் சில நாள் கறை நிற்கும்.

தேளில் பெரிய கருந்தேள் வலிதான், சிறிய செந்தேள்தான் எமன். உருவம் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இங்கே ஏமாறுவார்கள். செந்தேள் கொட்டிய குழந்தைக்கு வாந்தி, உடம்பு நனையும் வியர்வை, கைகால் சில்லிடுதல் வந்தால் நஞ்சு இதயத்தைத் தாக்குகிறது என்று பொருள். இதற்கு மந்திரிப்பதில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற சிற்றூரில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், ரத்த அழுத்தத்துக்கான பிரசோசின் என்ற மலிவான மாத்திரை செந்தேள் நஞ்சின் விளைவுகளைத் தடுப்பதை 1980-களில் கண்டறிந்தார். தேள் கொட்டியவருக்கு மருத்துவமனையில் முதலில் தரும் மருந்தாக இன்றும் அது இருக்கிறது.

எறும்பு கடிக்கு?

தண்ணீர், ஐஸ். மாமரத்து முசுறு கடித்து அமிலத்தைப் பீய்ச்சும், கழுவினால் தீர்ந்தது. கொப்புளம் வந்தால் உடைக்க வேண்டாம்.

பூச்சி கடித்ததே தெரியவில்லை. காலையில் எழுந்தால் கழுத்தில் கோடு போட்டதுபோல் வெந்த கொப்புளம். அக்கியா?

மழைக்காலத்தில் தோல் மருத்துவர்களிடம் வரிசையாக வரும் கேள்வி. செம்மஞ்சளும் கறுப்பும் மாறி மாறி இருக்கும், எறும்புபோல் நீண்ட ஒரு சின்ன வண்டு, டியூப் லைட் வெளிச்சத்துக்கு வரும். அது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. தூக்கத்தில் நாம் அதை நசுக்கித் தேய்க்கும்போது உடலிலுள்ள பெடரின் என்ற நச்சு தோலில் கோடாக இழுபடுகிறது. ஒரு நாள் கழித்துத்தான் வேகும். முழங்கை மடக்கில் பட்டால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி புண் வரும். அதை வைத்தே மருத்துவர் கண்டுபிடித்துவிடுவார்.

மேலே உட்கார்ந்தால் அடிக்காமல் ஊதித் தள்ளுங்கள். நசுக்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள். அக்கி என்று நினைத்துச் செம்மண் பூசிக் கிருமியைக் கூட்டிக்கொள்பவர்கள் ஏராளம்.

கொசு, மூட்டைப்பூச்சி கடித்துக் குழந்தைக்குத் தடிதடியாக வீங்குகிறது. கற்பூரத் தைலம் தடவலாமா?

கைக்குழந்தைக்கும் சிறு குழந்தைக்கும் கற்பூரம் வேண்டாம். தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். அளவு மீறினால் வலிப்பு வரும். குளிர்ந்த ஈரத்துணியும் காலமைனும் போதும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், பாதிப் பிரச்சினை அதில் தீரும். மூட்டைப்பூச்சிக் கடி வரிசையாக இருக்கும். அதற்கு வைத்தியம் குழந்தைக்கு அல்ல, கட்டிலுக்குத்தான்.

காய்ச்சல் நாலு நாளாக விடவில்லை. அக்குளில் கறுப்புப் பொருக்கு ஒன்று இருக்கிறது. பூச்சிக்கடியாக இருக்குமா?

இருக்கலாம், இதை விட்டுவிடக் கூடாது. புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன உண்ணியின் குஞ்சு கடித்தால் வலிக்காது, அரிக்கவும் செய்யாது. பிறகு சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு உண்டாகும். ஸ்க்ரப் டைபஸ் என்ற உண்ணிக் காய்ச்சலின் அடையாளம் அது. தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் அதிகம். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில், இடுப்புக் கயிறு படும் இடம் என்று மறைவில்தான் இருக்கும், நோயாளியே பார்த்திருக்கமாட்டார். மருத்துவரிடம் காட்டினால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையில் ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கும். தாமதித்தால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தொடும்.

நாயிலிருந்து ஏறிக் கடித்துத் தொங்கும் பெரிய உண்ணியை மண்ணெண்ணெய், தீக்குச்சி இல்லாமல், ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள்.

தேனீ கொட்டினால் மூட்டுவலி போகும் என்று வேண்டுமென்றே கொட்டவைத்துக்கொள்கிறார்களே?

நான் கொட்டு வாங்காத வாரம் குறைவு. முழங்கால் அதன் போக்கில்தான் இருக்கிறது. வேடிக்கை ஒருபுறம் இருக்கட்டும். ஸ்பெயினில் இரண்டு ஆண்டுகளாக இப்படி உயிருள்ள தேனீயால் சிகிச்சை எடுத்துவந்த 55 வயதுப் பெண் ஒருவர், வழக்கமான ஒரு கொட்டுக்குப் பிறகு அதிர்ச்சிக்குள்ளாகி இறந்ததை 2018-ல் மருத்துவ இதழ் ஒன்று பதிவுசெய்தது. அட்ரினலின் கையில் இல்லாத இடத்தில் இந்த விளையாட்டு வேண்டாம்.

வீட்டுச் சுவரில் கூடு கட்டியிருக்கிறது. கொளுத்திவிடலாமா?

எது என்று முதலில் பாருங்கள். சுவர் ஓட்டையில் மெழுகுக் குழாய் நீட்டிக்கொண்டு, கொசு அளவில் போய்வருவது கொசுத்தேனீ. அதற்குக் கொட்டவே தெரியாது, இருந்துவிட்டுப் போகட்டும். பொந்தில் அடுக்கடுக்காக இருப்பது இந்தியத் தேனீ. அருகில் தேனீ வளர்ப்பவர் இருந்தால் பெட்டி கொண்டுவந்து மகிழ்ச்சியோடு எடுத்துப் போவார். தண்ணீர்த் தொட்டியின் அடியில் ஒரே பெரிய அடையாகத் தொங்குவது மலைத்தேனீ. பருவம் முடிந்தால் தானே கிளம்பிவிடும், அதுவரை யாரும் கல்லெறியாமலும் அடியில் புகை போடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். தென்னையிலோ பனையிலோ சாம்பல் நிறக் காகிதப் பந்துபோல் இருப்பது கதண்டு. அதைத் தொடாமல் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். 101, 112 இரண்டு எண்ணிலும் அழைக்கலாம். அவர்கள் பெரும்பாலும் இருட்டிய பிறகு, எல்லாம் கூடு திரும்பியபின் வருவார்கள். அதுவரை அந்த மரத்தில் யாரையும் ஏறவிடாதீர்கள், தேங்காய் பறிக்க வருபவரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.